பொங்கல் சமையல்: எதை வீட்டில் செய்வது, எதைக் கடையில் வாங்குவது?

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். இந்த வருஷம் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வதா? மிக்ஸ், மாவு, நறுக்கிய காய் என்று பாதியைக் கடையில் வாங்கிச் சமாளிப்பதா? இல்லை, ஹோட்டலில் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு வீட்டில் பால் மட்டும் பொங்கவிடுவதா? மூன்று விதமாகவும் பண்டிகை கொண்டாடுகிற வீடுகள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கின்றன. யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நடுவழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் வேலையைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். சர்க்கரைப் பொங்கலுக்கு ரெடி மிக்ஸ் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் விடியற்காலையில் எழுந்து உளுந்து அரைத்து வடை தட்டிக் களைத்துப்போய், கடைசியில் குழம்பில் கோட்டை விடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது நகரத்து அடுக்குமாடி வீடு, காஸ் அடுப்பு, சாப்பிட ஏழெட்டுப் பேர், சமைக்க ஒன்றரை ஆள். அந்த அரை ஆள் யார் என்பதை அவரவர் வீட்டுக்கு விட்டுவிடுகிறேன்.

எதை முழுப் பொருளாக வாங்கி நாமே செய்வது என்று முடிவெடுக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: தை பிறக்கும்போது இந்தப் பொருள் புதிதா, பழையதா? டெல்டாவில் சம்பா அறுவடை தொடங்கும் நேரம் அது. கரும்பு ஆலைகளில் வெல்லம் காய்ச்சுவது மும்முரமாக இருக்கும். அவரை, மொச்சை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு எல்லாம் வந்து குவியும். இவற்றைப் பாக்கெட்டில் வாங்குவது நஷ்டம். மறுபக்கம், புதுப்புளி மாசி, பங்குனியில்தான் சந்தைக்கு வரும். பதநீர் இறக்குவது அதற்கும் பிறகு சூடுபிடிப்பதால், ஜனவரியில் கிடைக்கும் கருப்பட்டி போன வருஷத்துச் சரக்கு. இவற்றுக்காக மெனக்கெட்டு அலைய வேண்டியதில்லை.

அரிசி

புதுப் பச்சரிசி, பழைய பச்சரிசி, பாரம்பரிய ரகங்கள், சிறுதானியம் என்று நான்கு வழிகள் இருக்கின்றன. பொங்கலுக்குப் புத்தரிசி என்பது சடங்குக்கு மட்டும் அல்ல, ருசிக்கும் பொருந்தும். பழைய அரிசி தண்ணீரை நிறைய இழுக்கும், வெந்தாலும் தனித்தனியாக நிற்கும். பிரியாணிக்கு அதுதான் வேண்டும். புது அரிசி சீக்கிரம் குழையும், கஞ்சி கொழகொழவென்று இருக்கும். அந்த நுரைதான் பானை விளிம்பைத் தாண்டிப் பொங்குகிறது. புது அரிசிக்கு வழக்கமான தண்ணீரில் ஒரு கப் அரிசிக்கு அரைக் கப் குறைத்துக்கொள்ளலாம். பழையது மட்டும் கிடைத்தால் அரை மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரைக் கூட்டினால் போதும். ரேஷனில் பொங்கலுக்குக் கொடுக்கும் பச்சரிசியும் நன்றாகக் களைந்து போட்டால் சர்க்கரைப் பொங்கலுக்குத் தாராளமாகப் போதும். வெல்லமும் நெய்யும் சேர்ந்த பிறகு வித்தியாசம் கண்டுபிடிப்பவர்கள் குறைவு. வெண்பொங்கலில்தான் அரிசியின் குணம் வெளியே தெரியும்.

பாரம்பரிய அரிசி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் தேடிச் சேர்த்துப் பரப்பிய ரகங்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அவர் 2018-இல் மறைந்தார். தூயமல்லி வாங்கினால் வெண்பொங்கல் மிக நன்றாக இருக்கும். கருப்புக் கவுனியை மட்டும் பண்டிகைக் காலையில் முதல்முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம். ராத்திரி முழுக்க ஊற வேண்டும், குக்கரிலும் பச்சரிசியைவிட ரொம்ப நேரம் எடுக்கும், எவ்வளவு வெந்தாலும் கொஞ்சம் மெல்ல வேண்டியிருக்கும். செட்டிநாட்டில் கவுனி அரிசி தனி இனிப்பாகவே இருக்கிறது. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து அப்படிச் செய்வதுதான் அதற்கு மரியாதை. தினை, சாமைப் பொங்கல் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆறினால் இறுகிப்போகும் என்பதால், மதியம் வரை பானையில் இருக்கப்போகிற பண்டிகைப் பொங்கலுக்கு அது இரண்டாம் தேர்வுதான். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இருந்தால் தினைப் பொங்கல் செய்துவிட்டோமே என்று நிம்மதி அடைய வேண்டாம். அதிலும் வெல்லம் அதே அளவுதான் போகிறது.

வெல்லம்

நேரத்தையும் காசையும் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். சர்க்கரைப் பொங்கல் என்றாலே வெல்லம்தான், மற்றதெல்லாம் துணைக்கு வருபவை. கடையில் பளிச்சென்ற மஞ்சளில் இருப்பதைப் பார்த்துக் கை நீளும். நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போடுவதும், எடை கூட்ட வெள்ளைச் சர்க்கரை கலப்பதும் இந்தத் தொழிலில் நடக்கிறது. பொங்கலுக்கு முன்னால் உணவுப் பாதுகாப்புத் துறை சேலம் பக்கத்து ஆலைகளில் சோதனை நடத்திய செய்தி அநேகமாக வருஷா வருஷம் வரும். ஆகவே மஞ்சளும் அரக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அரக்கு நிறத்தை எடுங்கள். கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். கரித்தால் பழையது.

உருண்டை வெல்லம், அச்சு வெல்லம், நாட்டுச் சர்க்கரை மூன்றில் எது? உருண்டை வெல்லத்தை உடைக்க வேண்டும், கரைக்க வேண்டும், வடிகட்ட வேண்டும். ஆனால் பாகில் மணம் தூக்கலாக இருக்கும். பாபநாசம் பக்கத்து வீரமாங்குடி அச்சு வெல்லம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். பிடித்த அளவுக்கு எண்ணிப் போடவும் வசதி. நாட்டுச் சர்க்கரைக்குக் கவுந்தப்பாடி பேர் பெற்றது, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் அங்கிருந்துதான். அது தூளாக இருப்பதால் நேரே பானையில் கொட்டிவிடலாம் என்று தோன்றும். கொட்டாதீர்கள். எந்த வெல்லமானாலும் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டினால் அடியில் தங்கும் மண்ணைப் பார்த்த பிறகு யாரும் நேரே கொட்ட மாட்டார்கள். பாக்கெட்டில் வரும் வெல்லத்தூள் வேலையைக் குறைக்கும் என்பது உண்மை. அந்த வேலையே பத்து நிமிஷத்துக்குள்தான் முடியும். ஆகவே இங்கே என் ஓட்டு உருண்டைக்கு, கிடைத்தால் அச்சுக்கு.

அளவு: இரண்டு கப் அரிசி, அதாவது சுமார் 400 கிராம், அரைக் கப் பாசிப்பருப்பு, 600 முதல் 700 கிராம் வெல்லம். அரிசியும் பருப்பும் விரலால் நசுக்கினால் மசியும் வரை வெந்த பிறகுதான் பாகை ஊற்ற வேண்டும். இனிப்பு சேர்ந்துவிட்டால் அரை வேக்காட்டு அரிசி அதற்கு மேல் குழையாது. பால் ஊற்றியிருந்தால் பாகைச் சற்று ஆறவிட்டு, தீயைக் குறைத்து ஊற்றுங்கள். வெல்லத்தில் லேசான புளிப்பு உண்டு, கொதிக்கும் பால் திரிந்துவிடும்.

இப்போது ரெடி மிக்ஸைப் பார்ப்போம். பாக்கெட்டின் பின்பக்கம் படித்தால் தண்ணீரைக் கொதிக்க வைப்பதும் கிளறுவதும் நம் வேலை, நெய்யும் பெரும்பாலும் நம்முடையது. பருப்பு வறுப்பதும் வெல்லம் கரைப்பதும் மட்டும்தான் நமக்குக் குறையும் வேலை. அந்தக் கால் மணி நேரத்துக்காகப் புது அரிசியையும் புது வெல்லத்தையும் விட்டுக்கொடுப்பது எனக்குக் கட்டுப்படியாகாத வியாபாரமாகத் தெரிகிறது. வெளிநாட்டில் ஹாஸ்டல் அறையில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புவதற்கு மிக்ஸ் சரி.

பானையா, குக்கரா

மண்பானை, வெண்கலப் பானை, பித்தளை, குக்கர். படத்தில் மண்பானைதான் அழகு. ஆனால் புதுப் பானையைப் பொங்கலுக்கு முந்தின நாள் வாங்கி மறுநாள் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விட வாய்ப்பு அதிகம். நாலைந்து நாள் முன்பே வாங்கித் தண்ணீரில் ஊறவைத்து, கழுநீர் ஊற்றி மெல்லிய தீயில் கொதிக்கவிட்டுப் பழக்க வேண்டும். வெளியே வார்னிஷ், பெயின்ட் பூசியதைச் சமைக்க வாங்க வேண்டாம். உருண்டை அடிப் பானை காஸ் அடுப்பில் ஆடும், பிரிமனை மாதிரி ஒரு வளையம் தேவைப்படும். இன்டக்‌ஷன் அடுப்பு என்றால் மண்ணும் வெண்கலமும் வேலைக்கே ஆகாது. வெண்கலத்துக்கு ஈயம் பூச வேண்டியதில்லை. பித்தளை என்றால் உள்ளே பூச்சு நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும். பாட்டி காலத்துப் பித்தளைப் பானையைப் பரணிலிருந்து இறக்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ருசியில் மண்பானைக்கும் அடிகனமான வெண்கலத்துக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் சூடு சீராகப் பரவி, இறக்கிய பிறகும் நிற்கும், பொங்கல் உள்ளே மெதுவாக இறுகிச் சேரும். குக்கரில் அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் கிடையாது, அரிசி ஒரே கூழாகிவிடும். ஆனால் பொங்கி வழியாதே என்ற கவலைக்கு வழி இருக்கிறது. குக்கரை மூடாமலே பாலும் தண்ணீரும் ஊற்றி, கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டிப் பொங்கவிட்டு, குலவையிட்டு, அரிசியைப் போட்டுப் பிறகு மூடி போடும் வீடுகள் நகரத்தில் எத்தனையோ. நல்ல நேரம் முக்கால் மணி நேரம்தான், இரண்டு அடுப்புதான் இருக்கிறது என்றால் குக்கரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு தவறும் இல்லை. தெற்கே ஓலை வைத்து வாசலில் பொங்குபவர்களோடு அபார்ட்மென்ட் பால்கனியில் போட்டி போட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவார்.

நெய்யைப் பற்றிச் சுருக்கமாக: அரைக் கிலோ வெண்ணெயை உருக்கினால் 400 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நெய் வரும். நேரம் அரை மணி. ஊத்துக்குளி வெண்ணெய் கிடைக்கிறது என்றால் போகிக்கு முன்தினமே கைப்பிடி முருங்கைக்கீரை போட்டு உருக்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் நல்ல கடை நெய் போதும், மனசாட்சி உறுத்த வேண்டியதில்லை. ஏலக்காயை மட்டும் தூளாக வாங்காமல் அன்றே தட்டிப் போடுங்கள். பச்சைக் கற்பூரம் கடுகளவு. அதற்கு மேல் போனால் கோயில் கருவறை வாசம்தான் வரும்.

குழம்பு: உழைப்பை இங்கே போடுங்கள்

ஹோட்டலில் பண்டிகைச் சாப்பாட்டுக்குச் சொன்னால் வடை வரும், பாயசம் வரும், நல்ல சாம்பார் வரும். பொங்கல் குழம்பு வருவது அபூர்வம். வெண்பொங்கலுக்கோ பச்சரிசிச் சோற்றுக்கோ ஊற்றிக்கொள்ள ஏழு காய், ஒன்பது காய் என்று ஒற்றைப்படையில் போட்டுச் செய்யும் அந்தக் குழம்பு வீட்டில் மட்டும்தான் கிடைக்கிறது. தை மாதத்துச் சந்தை முழுவதும் அந்த ஒரு பாத்திரத்தில் இருக்கும். வெள்ளைப் பூசணி, பரங்கி, அவரை, பச்சை மொச்சை, சேனை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் என்றால் கட்டாயம் சிறுகிழங்கு. என் மாமியாருக்குச் சிறுகிழங்கு இல்லாத குழம்பு வெறும் சாம்பார்தான்.

இதற்கு நறுக்கிய காய்ப் பாக்கெட் வாங்கலாமா? பூசணிக்கும் பரங்கிக்கும் பரவாயில்லை. வாழைக்காயும் சேனையும் நறுக்கி வைத்தால் கறுத்து வறண்டுவிடும். மொச்சையும் சிறுகிழங்கும் பெரும்பாலும் அந்தப் பாக்கெட்டில் இருக்கவே இருக்காது, காரட்டும் பீன்ஸும்தான் இருக்கும். அதைப் போட்டால் எல்லா நாளும் வைக்கும் சாம்பார்தான் கிடைக்கும். உண்மையில் நேரம் பிடிப்பது இரண்டே வேலை: மொச்சை உரிப்பது, சிறுகிழங்கின் தோலை எடுப்பது. இரண்டையும் போகி அன்று சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து முடித்துவிடலாம். அந்த அரை ஆளுக்கு இதுதான் வேலை. சிறுகிழங்கை ஊறவைத்து மண் போகக் கழுவி, பழைய சாக்கிலோ முரட்டுத் துணியிலோ போட்டுத் தேய்த்தால் தோல் பெரும்பாலும் வந்துவிடும், மிச்சத்தைக் கத்தியால் சுரண்டித் தண்ணீரில் போட்டு வைக்கலாம். கையில் கறை பிடிக்கும், இரண்டு நாளில் போய்விடும். பச்சை மொச்சை கிடைக்காத ஊரில் காய்ந்த மொச்சையை ராத்திரியே ஊறவைக்க வேண்டும். உரித்து உறையவைத்த பச்சை மொச்சையும் நல்ல மாற்றுதான்.

காய் வேகும் வரிசையில்தான் குழம்பின் வெற்றி இருக்கிறது. மொச்சையையும் கிழங்குகளையும் முதலில் தண்ணீரில் வேகவிட வேண்டும், பிறகு வாழைக்காயும் அவரையும், கடைசியில் பரங்கியும் பூசணியும். புளி அதற்கப்புறம்தான். புளி முன்னால் விழுந்தால் மொச்சை கல்லாகவே நிற்கும். சேனை மட்டும் விதிவிலக்கு, அதைத் தனியாகக் கொஞ்சம் புளித்தண்ணீரில் வேகவைத்துச் சேர்த்தால் தொண்டை அரிக்காது. எட்டுப் பேருக்கு நான்கு டேபிள்ஸ்பூன் மல்லி, இரண்டு டேபிள்ஸ்பூன் கடலைப்பருப்பு, எட்டிலிருந்து பத்து காய்ந்த மிளகாய், அரை டீஸ்பூன் வெந்தயம் வறுத்து, அரை மூடித் தேங்காயோடு அரைத்தால் போதும். கடைச் சாம்பார் பொடி போட்டால் குழம்பு கெட்டுப்போகாது. ஆனால் இத்தனை புதுக்காய் போட்ட பிறகு, எப்போதோ அரைத்த பொடியை அதன் தலையில் கொட்டுவானேன்? புளிக்கு மட்டும் கவலைப்பட வேண்டாம். எப்படியும் போன வருஷத்துப் புளிதான், நல்ல பேஸ்ட் இருந்தால் அதையே கரைத்து ஊற்றுங்கள்.

வடையை விட்டுவிடலாம்

கால் கிலோ முழு உளுந்தில் 18, 20 வடை வரும். அதற்காக ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்து, கிரைண்டரில் பஞ்சாக அரைத்து, எண்ணெய் முன்னால் நின்று ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். அப்புறம் கிரைண்டரைக் கழுவ வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு ஆளின் காலைப்பொழுது போய்விடும். உளுந்து தை மாதத்துக்கென்று சிறப்பான பொருளும் இல்லை. தெருமுனை மாவுக் கடையில் வடை மாவு கிடைத்தால், தண்ணீர் விடாமல் கெட்டியாக வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவைத்து வாங்குங்கள். மிளகு, கறிவேப்பிலை, இஞ்சி மட்டும் நம் கையால் போட்டால் வீட்டு வடையாகவே இருக்கும். அதற்கும் ஆள் இல்லையா, ஹோட்டலில் சூடாக வாங்கி வரலாம். படையலுக்கு வீட்டில் செய்ததுதான் வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் நாலே நாலு வடை தட்டுங்கள், மற்றது கடையிலிருந்து வரட்டும். அப்பளம் எப்படியும் எல்லார் வீட்டிலும் கடை அப்பளம்தான், அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லையே.

யாருக்கு எது

கூட்டுக்குடும்பம், கை கொடுக்க நாலு பேர் என்றால் முழுக்க வீட்டில் செய்வதில் தயக்கமே வேண்டாம். இந்த ஒரு பண்டிகையில் முழுப் பொருள்களாக வாங்குவதுதான் செலவும் குறைவு, ஏனென்றால் பருவத்தில் விலை இறங்கியிருக்கும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், போகி அன்று ராத்திரிதான் வீடு திரும்புகிறார்கள் என்றால்: வீட்டில் சர்க்கரைப் பொங்கலும் ஐந்து காய்க் குழம்பும், கடையில் வடை மாவும் நெய்யும், வெண்பொங்கலுக்குப் பதில் வெறும் சோறு. இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் குழம்பைக்கூட முந்தின இரவே வைத்துவிடலாம், அது கெட்டுப்போகிற ஜாதி இல்லை.

வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் ஹோட்டல் சாப்பாட்டுக்குச் சொல்வதே நல்லது. சின்னப் பானையில் ஒரு பிடி அரிசி போட்டுப் பொங்கவிட்டு, சூரியனுக்குப் படைத்துவிட்டு, மதியத்துக்கு வருவதைச் சாப்பிடலாம். ஆர்டர் கொடுக்கும்போது டெலிவரி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பண்டிகை நாளில் பன்னிரண்டு மணி என்பது இரண்டு மணியாகிவிடும். படையலை அந்தச் சாப்பாட்டை நம்பி வைக்க வேண்டாம்.

குழம்பை மட்டும் எந்த வீட்டிலும் தேவைக்கு மேல் ஒன்றரை மடங்கு வையுங்கள். மிஞ்சியதை மாட்டுப் பொங்கல் அன்று அடிகனமான சட்டியில் மெல்லிய தீயில் வற்றவிட்டால் சுண்டக்குழம்பு. பூசணியும் பரங்கியும் கரைந்து கெட்டியாகி, சேனையும் மொச்சையும் மட்டும் முழுசாக நிற்கும். தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அன்று வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.